தோல் ஷாப்புக் காற்று: வழக்குக்கு வராத ஒரு வரலாறு

பாலாற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதலாம் என்றுதான் போன வருஷம் ஆரம்பித்தேன். தீர்ப்பு நகல்கள், அரசாணைகள், நாளிதழ்த் துண்டுகள் என்று லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர் நிறைந்துவிட்டது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்தியது. எந்தத் தாளை எடுத்தாலும் தண்ணீர். கிணறு, ஏரி, ஆறு, உப்பின் அளவு, குரோமியத்தின் அளவு. ஆனா ஆம்பூர் வழியா ஒருதடவை போனவரிடம்கூட அந்த ஊரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பிரியாணிக்கு அடுத்து அவர் சொல்லப்போவது நாற்றம். காலேஜ் நாட்களில் ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வருவேன். கண்டக்டர் எழுப்ப வேண்டியதே இல்லை, மூக்கு எழுப்பிவிடும். ஊரின் அடையாளமாகவே இருந்த ஒன்று இத்தனை தாளில் எங்கே போச்சு?

அந்தக் கேள்விக்காக எழுதியதுதான் இது. நான் வரலாறு படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாகச் சாஃப்ட்வேர் வேலை, சனி ஞாயிறில் பழைய தாள் புரட்டுவது பழக்கம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காலேஜ் ஃபீஸில் பாதியைக் கட்டியவர் என் தாய்மாமா. தோல் ஷாப்பில் 26 வருஷம் பஃபிங் மெஷினில் நின்றவர். (வெளியூர்க்காரர்களுக்கு: தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்போம்.) தோல் காசில் படித்தவன், தோல் தொழில் வேண்டாம் என்று எழுத மாட்டேன். அந்தக் காசோடு மாமாவின் நெஞ்சுக்குள் வேறென்ன சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பிரிவுகள். 277: பொது ஊற்றையோ நீர்த்தேக்கத்தையோ அசுத்தப்படுத்தினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 278: அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் உடம்புக்குக் கேடு வரும்படி காற்றைக் கெடுத்தால் 500 ரூபாய் வரை அபராதம். அவ்வளவுதான், சிறை கிடையாது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதா வந்தது. பிரிவு எண்கள் 279, 280 ஆயின. தண்ணீருக்குச் சிறை ஆறு மாதமாகவும் அபராதம் 5,000 ஆகவும் ஏறியது. காற்றுக்கு 1,000 ரூபாய். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து 500 ரூபாய் கூடியிருக்கிறது, சிறை இப்பவும் இல்லை. தனிச் சட்டங்களும் இதே வரிசைதான். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது, காற்றுக்கு வர 1981 ஆயிற்று. பின்னதில் சிறைத் தண்டனை எழுதப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனா காற்று எப்பவும் இரண்டாவது பிள்ளை.

ஏன் இப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதிவரை ஐரோப்பிய மருத்துவர்கள் கெட்ட வாடையே நோய் என்று நம்பினார்கள். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது லண்டன் பார்லிமென்ட்டே ஆடிப்போனது அதனால்தான். பிறகு காலரா தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்னோ சொன்னது மெல்ல ஏற்கப்பட்டது. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் உட்கார்ந்து காலராக் கிருமியை உறுதி செய்தார். அறிவியலுக்கு இது பெரிய வெற்றி. ஆனா ஒரு பக்கவிளைவு உண்டு. நாற்றம் நோயின் காரணம் இல்லை என்றானதும் அது வெறும் அசௌகரியமாகச் சுருங்கிவிட்டது. அசௌகரியத்துக்கு நகராட்சி மொழியில் ஒரே மருந்து: தள்ளி வை. சென்னை மாகாணத்தின் 1920 மாவட்ட நகராட்சிச் சட்டத்தில் உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாத தொழில்களுக்கு ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது, தோல் பதனிடுதலும் அதில் ஒன்று. உரிமம் கொடுப்பார்கள், ஊர் எல்லையில் இடம் காட்டுவார்கள். ஊர் எல்லையில் யார் குடியிருந்தார்கள் என்று தமிழ்நாட்டில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் ஷாப்பும் சேரியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தது தற்செயல் இல்லை. காற்றைச் சுத்தம் செய்யவில்லை, யார் அந்தக் காற்றைச் சுவாசிப்பது என்பதை மட்டும் முடிவு செய்தார்கள்.

அந்தக் காலத்துத் தோல் ஷாப்பு இப்போதையது மாதிரி இல்லை. சுண்ணாம்புக் குழி, ஆவாரம் பட்டை, கடுக்காய். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வந்தது. பிறகு தண்டவாளம் பாலாற்றை ஒட்டியே மேற்கே நீண்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு வியாபாரிகளின் தோல் அதில் ஏறிச் சென்னைப் பெரியமேட்டு மண்டிக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு இந்த அரைப்பதத் தோல் நிறையப் போயிற்று. நாற்றம் அப்பவும் இருந்தது, அழுகும் தோலின் நாற்றம், சுண்ணாம்புக் குழியின் நாற்றம். ஆனா அந்தக் குழிகளில் குரோமியம் இல்லை. அமெரிக்காவில் 1884-ல் காப்புரிமை பெற்ற குரோம் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் சோதனை செய்து பார்த்தார். அடுத்த வருஷமே மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி ஒரு நூலும் போட்டார். பாலாற்றங்கரை அவசரப்படவில்லை. இன்னும் பல பத்தாண்டுகள் பட்டையும் கடுக்காயும்தான்.

திருப்பம் 1973. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு கச்சாத் தோல் ஏற்றுமதியை நிறுத்தியது, அரைப்பதத் தோலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வைத்தது. முழுசாப் பதனிட்ட தோலாகவும் செருப்பாகவும் செய்து விற்றால் அந்நியச் செலாவணி கூடும், வேலை பெருகும். கணக்கு சரியான கணக்கு. இரண்டும் நடந்தன. கூடவே ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த குரோம் வேலை, சாய வேலை, பஃபிங், ஸ்ப்ரே ஃபினிஷிங் எல்லாம் இங்கே வந்தன. எழுபதுகளின் நடுவிலிருந்து ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரிக்கும் தொழிற்சாலையும் ஓடியது. என் மாமா தோல் ஷாப்பில் சேர்ந்தது இந்த அலையில்தான்.

அவர் வேலை செய்த இடத்தைச் சின்ன வயசில் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன். பஃபிங் என்றால் காய்ந்த தோலின் பின்பக்கத்தை உப்புத்தாள் சுற்றிய உருளையில் கொடுத்துத் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரித் தூள் பறக்கும். மாமா மூக்கைச் சுற்றி ஒரு கர்ச்சீப் கட்டியிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்து உதறினால் அன்றைக்கு எந்தக் கலர் தோல் ஓடியது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் டேன், ஒரு நாள் நீலம். கம்பெனியில் மாஸ்க் தர மாட்டார்களா என்று கேட்டேன். "இன்னாடா மாஸ்க்கு, அத்த கட்டிகினா மூச்சு வாங்குது, மெஷின் சத்தத்துல ஒருத்தனுக்கு ஒருத்தன் பேச்சும் கேக்காது," என்றார். கர்ச்சீப்பில் தங்கியது பெரிய துகள். அதன் இழைகளுக்குள் புகுந்து போனதை யாரும் உதறிப் பார்க்க முடியாது.

தோல் ஷாப்பின் காற்றில் இருப்பது ஒரே வாடை இல்லை, ஒரு வரிசை என்பதைப் படித்த பிறகுதான் புரிந்துகொண்டேன். மயிர் நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு பெரும்பாலும் அதிலேயே கிடக்கும். பிறகு வரும் அமிலக் குளியலின் தண்ணீர் அதே கால்வாயிலோ தொட்டியிலோ கலந்தால் போச்சு, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை. இந்த வாயுவின் கொடுமை வேற மாதிரி. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனா நூறு பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றுவிட்டது போலத் தோன்றும். ஐந்நூறைத் தாண்டினால் உயிர் போக அதிக நேரம் வேண்டாம். காற்றைவிடக் கனம் என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். தோல் ஷாப்புத் தொட்டி சுத்தம் செய்ய முதலில் ஒருவர் இறங்கி விழுவதும், தூக்கப் போன இரண்டாமவரும் விழுவதும் எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கதை. "வாடையே வரல, இறங்கலாம்" என்பது ஆள் சாகும் முன் சொல்லும் கடைசி வாக்கியமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது நடுங்குகிறது.

அதற்கப்புறம் சுண்ணாம்பு நீக்கும் கட்டத்தில் அம்மோனியா. ஃபினிஷிங்கில் ஸ்ப்ரே கரைப்பான்கள். ஷூ கம்பெனியில் அப்பரையும் சோலையும் ஒட்டும் சொலூஷன் வாடை. இங்கே பெரும்பாலும் பெண்கள், எங்கள் தெருவிலிருந்தும் காலையில் வேன் ஏறிப் போவார்கள். பசையில் என்ன கரைப்பான் என்பது சும்மா விட்டுவிடக்கூடிய கேள்வி இல்லை. இஸ்தான்புல்லில் முஜாஃபர் அக்சோய் என்ற மருத்துவர், பென்சீன் கலந்த பசையோடு வேலை பார்த்த செருப்புத் தொழிலாளர்களிடம் ரத்தப் புற்றுநோய் இருப்பதை 1970-களில் அடுத்தடுத்து எழுதினார். பென்சீனுக்குப் பதில் ஹெக்சேன் போட்ட இடங்களில் கை கால் நரம்பு செத்தது. ஜப்பானிலும் இத்தாலியிலும் நடந்தது. ஒன்றை எடுத்து இன்னொன்றைப் போடும்போது புதுசு என்ன செய்யும் என்று பார்க்காமல் போடும் வழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான்.

இனி தூள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் தேடிய பதிலின் ஒரு நுனி இங்கேதான் கிடைத்தது.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்று ஓர் ஊர், நாற்காலி மேசை செய்யும் ஊர். அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் தன்னிடம் வரும் மூக்குப் புற்றுநோயாளிகளில் மரவேலைக்காரர்கள் அதிகம் என்று கவனித்தார். மிக அரிய நோய் அது, ஒரு மருத்துவர் வாழ்நாளில் சிலரைத்தான் பார்ப்பார். டொனால்ட் அச்சிசன் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரும் அந்த வட்டாரத்தின் பதிவுகளைத் துழாவினார்கள். நோயாளி என்ன வேலை பார்த்தார் என்று எழுதிய பத்தியைத் துழாவினார்கள் என்பதுதான் விஷயம். மரத்தூள் சிக்கியது. அதோடு எதிர்பாராத இன்னொரு தொழிலும் தலைகாட்டியது: நார்தாம்ப்டன்ஷயரின் பூட்ஸ், ஷூ தொழிலாளர்கள். 1970-ல் அந்தக் கட்டுரை வந்தது. இன்றைக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தோல் தூளை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தச் சான்று பெரும்பாலும் ஷூ பட்டறைகளிலிருந்து வந்தது, எங்கள் ஊர்க் குரோம் பஃபிங் தூளுக்கு அதை அப்படியே ஒட்ட முடியாது. ஆனா அங்கே கேள்வி எழுந்ததே ஒரு கட்டத்தில் "தொழில்" என்ற இடத்தில் உண்மையான வேலையை யாரோ எழுதி வைத்ததால்.

குரோமியத்தின் கதையும் அப்படித்தான். தோல் பதனிடும் குரோமியம் மூவிணைதிற வகை, ஆபத்து குறைவு. அதைத் தயாரிக்கும் வழியில் வருவது ஆறிணைதிற வகை, அது நுரையீரலுக்கு விஷம். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் ரதர்க்லனில் ஒரு குரோமேட் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களின் மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்தது. தொழிற்சங்கத் தலைவர் கியர் ஹார்டி 1899-ல் அதைப் பற்றித் துண்டுப் பிரசுரம் போட்டார். காற்று தன் கையெழுத்தை உடம்பில் போட்டிருந்தது, எண்ணிப் பார்க்க ஓர் ஆளும் இருந்தார். அரை நூற்றாண்டு கழித்து 1948-ல் அமெரிக்கக் குரோமேட் ஆலைகளின் நுரையீரல் புற்றுநோய்க் கணக்கு வெளிவந்தது. நம் ராணிப்பேட்டை ஆலை தொண்ணூறுகளில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு திறந்த மேடாகக் கிடந்தது. 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. அந்த மேட்டைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மழையில் கரைந்து நிலத்தடிக்குப் போவதைத்தான் எழுதினார்கள். ஆடிக்காற்று அந்த மேட்டின் மேலும் அடிக்கும்தானே?

இப்போது 1996-க்கு வருவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது, வாதாடியவர் எம்.சி. மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும், சந்தேகம் இருந்தாலே முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெயர் அப்படியாவது பரவியது. ஆனா மனு ஆலைகளின் கழிவுநீரைப் பற்றியது. அதனால் சான்றாக வந்ததும் நீரும் நிலமும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுவிட்டது என்ற கணக்கு தீர்ப்பில் இருக்கிறது. பிறகு அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-ல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. வகுத்துப் பார்த்தேன், ஆளுக்குச் சராசரி சுமார் 9,200 ரூபாய். அதுகூட எல்லாருக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்ற சண்டை நீண்டு, 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, முதலில் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

அந்த 29,193 பேரை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பெரியப்பா நிலமும் அந்தக் கணக்கில் வரும் பக்கம்தான். ஆனா அந்தக் கணக்கின் அலகைப் பாருங்கள்: ஹெக்டேர். கெட்ட கிணறு கெட்ட கிணறாக அங்கேயே நிற்கும், அதிகாரி வந்து பாட்டிலில் மொண்டு போகலாம். பத்து வருஷம் கழித்தும் மொள்ளலாம். நேற்று ராத்திரி வீசிய காற்றை இன்று காலையில் யாரும் மொண்டு காட்ட முடியாது. நிலமில்லாதவனுக்கு இதில் கேட்பதற்கு எதுவும் இல்லை. 26 வருஷம் தூளில் நின்றவரிடம் காட்டுவதற்குச் சர்வே நம்பர் கிடையாது.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெரிதாயின. அடுத்து ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற விதி வந்தது. சவ்வூடு முறையில் நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புக் குழம்பை ஆவியாக்கிகளில் கொதிக்க வைத்து வற்ற அடிக்க வேண்டும். நல்ல பொறியியல்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனா கொதிக்க வைக்க நீராவி வேண்டும், நீராவிக்குக் கொதிகலன், கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ. ஆற்றுக்குப் போன சுமையில் ஒரு பங்கு புகைபோக்கி ஏறியது. இன்னொரு பங்கு சேறாகத் தங்கியது. அது என்ன செய்யும் என்று 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் பார்த்தோம். சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் செத்தார்கள், பெரும்பாலும் மேற்கு வங்கத்துப் பிள்ளைகள். தோல் துண்டு, சீவல் கதை வேற. முறையாகக் கொண்டுபோனால் காசு செலவு, ராத்திரி ஆற்றுப்படுகையில் கொளுத்தினால் செலவில்லை. குரோம் தோலை இப்படி எரிக்கும்போது மூவிணைதிறக் குரோமியத்தில் ஒரு பகுதி ஆறிணைதிறமாக மாற வாய்ப்பு உண்டு. ஆலைக்குள் ஆபத்து குறைந்த வடிவத்தில் இருந்ததை நெருப்பு வைத்து மோசமான வடிவத்துக்கு மாற்றிக் காற்றில் விடுவது என்றால் இதைவிட முட்டாள்தனம் வேறென்ன?

அளக்கிறார்களா என்றால், அளக்கிறார்கள். எதை என்பதுதான் கேள்வி. 2009-ல் திருத்திய தேசியக் காற்றுத் தர அளவீட்டில் 12 பொருட்கள் இருக்கின்றன. நுண்துகள் இரண்டு வகை, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், ஈயம், அம்மோனியா, பென்சீன் என்று போகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை. குரோமியமும் இல்லை. டெல்லிக்கும் கான்பூருக்கும் சேர்த்துப் போட்ட பட்டியல், எங்கள் ஊரின் இரண்டு முக்கியச் சரக்கும் அதில் விட்டுப்போயின. 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழில் வட்டாரங்களை மதிப்பிட்டது. வேலூர் 81.79 மதிப்பெண்ணோடு எட்டாவது இடம். காற்று, நீர், நிலம் மூன்றிலும் நிலைமை மோசம் என்று குறித்தார்கள். ஆனா 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. வேலூர் இல்லை.

சாஃப்ட்வேர்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? லேசரில் நுண்துகள் எண்ணும் ஒரு சின்ன சென்சார் வாங்கி, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்கடியில் மாட்டி, பழைய போனில் டேட்டா சேர்த்தேன். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளும் தரம் கிடையாது, மழைக்காலத்தில் ஈரத்தைக்கூடத் தூசி என்று எண்ணும். ஆனா குளிர்காலத்தில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. நள்ளிரவுக்குப் பின் கோடு ஏறும், விடியும் வரை இறங்காது, வெயில் வந்ததும் சரியும். ஒரு பக்கம் ஜவ்வாது மலை, மறுபக்கம் ஆந்திர எல்லை மலைகள், நடுவில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. ராத்திரி தரையோரக் காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோலக் கவிந்தால் புகை மேலே போகாது. எதையாவது எரிப்பவனும் வாயுவைத் திறப்பவனும் ஆள் பார்க்காத அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறான். ஊர் தூங்கும்போது மிக மோசமான காற்று ஊருக்குள் நிற்கிறது. இதில் தோல் ஷாப்பு எவ்வளவு, நெடுஞ்சாலை லாரி எவ்வளவு, குப்பை எவ்வளவு என்று என் சென்சாரால் பிரித்துச் சொல்ல முடியாது. வாரியத்தின் கருவியால் முடியும், இரவு நேரத்தில் சல்ஃபைடும் கரைப்பானும் அளக்கும் கருவியாக அது இருந்தால்.

குறைக்க முடியாத மாசு ஒன்றும் இதில் இல்லை என்பதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. சுண்ணாம்புத் தண்ணீருக்கும் அமிலத் தண்ணீருக்கும் தனித்தனிக் கால்வாய் போட்டாலே சல்ஃபைடு வாயுவின் பெரும்பகுதி பிறக்காது. மிச்சத்தை மாங்கனீசு உப்பு போட்டுக் காற்று ஊதி ஆக்சிஜனேற்றம் செய்யலாம், இது பழைய முறை. 1948-ல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சல்ஃபைடைக் குறைக்கும் நொதி முறைகளைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. அம்மோனியம் உப்புக்குப் பதில் கரியமில வாயு கொண்டு சுண்ணாம்பு நீக்கலாம். பஃபிங் மெஷினுக்கு உறிஞ்சு குழாயும் துணிப்பை வடிகட்டியும் புதுக் கண்டுபிடிப்பா? வெளிநாட்டு வாங்குபவர் ஆடிட் வரும் கம்பெனிகளில் இருக்கிறது, நன்றாகவும் ஓடுகிறது. அவர்களிடமிருந்து வேலை வாங்கிச் செய்யும் சின்ன ஷெட்டுகளில்தான் பெல்ட் அறுந்து கிடக்கும், அல்லது மெஷினே இருக்காது. தண்ணீரில் கரையும் பசை கொஞ்சம் மெதுவாகக் காயும், அதனால் பீஸ் ரேட் பாதிக்கும் என்கிறார்கள். அப்படியானால் பீஸ் ரேட்டைத்தான் பேச வேண்டும். தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு 2013 சட்டமே தடையாக நிற்கிறது. சட்டைப்பையில் மாட்டும் வாயு எச்சரிக்கைக் கருவி, தினமும் வாங்கும் டீசலோடு ஒப்பிட்டால் பெரிய விலை இல்லை. துண்டுத் தோலை அரைத்து அட்டைத் தோல் செய்யலாம், எரிக்க வேண்டியதில்லை. இவற்றில் பலவற்றைச் சின்ன முதலாளிகள் தனித்தனியாகச் செய்ய முடியாது என்பது உண்மை. கழிவுநீருக்குப் பொது நிலையம் கட்டியபோதும் இதே பேச்சுதான் வந்தது. நீதிமன்றம் கெடு வைத்த பிறகு கட்டினார்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து வருஷமாக அவருக்கு மாடிப்படி ஏறினால் இளைக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருக்கிறோம். ஒருநாள் அவர் ஃபைலை வாங்கி வைத்திருந்தபோது பழைய சீட்டுகளைப் படித்தேன். "பீடி: 20 வருஷம்" என்று ஒவ்வொரு சீட்டிலும் தெளிவாக எழுதியிருந்தது. குடித்தார், இல்லையென்று சொல்லவில்லை. தொழில் என்ற இடத்தில் "கூலி" என்றிருந்தது. ஒரு சீட்டில் ஓய்வு. இன்னொன்றில் அந்த இடமே காலி. குரோம் புண்ணும் பென்சீன் விஷமும் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தன, கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவும் இருந்தது. கூலி என்று எழுதிய சீட்டிலிருந்து எந்த மருத்துவர் எதைத் தெரிவிப்பார்?

போன மாசம் செக்கப்புக்குப் போனோம். உள்ளே சின்ன வயசு டாக்டர், வடக்கத்திப் பெண், தமிழ் இப்போதுதான் பழகுகிறார். தொழில் என்ன என்று கேட்டார். மாமா வழக்கம்போல, "கூலி வேலைம்மா" என்றார். நான் குறுக்கே புகுந்து, "பஃபிங், தோல் ஷாப்பு, 26 வருஷம், அதை எழுதுங்க மேடம்" என்றேன். பஃபிங்னா என்ன என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா மேசையில் இருந்த ஃபைலையே எடுத்து, இரண்டு கையாலும் உருளையில் கொடுப்பதுபோல முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, தலையைக் கொஞ்சம் திருப்பிக் கண்ணை இடுக்கிக் காட்டினார். தூள் முகத்தில் அடிக்கும்போது செய்வது அது. டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.